சூத்திரம் மனப்பாடம் செய்யாமல் ரூபிக்ஸ் க்யூப் சேர்ப்பது எப்படி?

வீடியோ பார்த்து க்யூப் சேர்க்கக் கற்றுக்கொண்ட பையனிடம், பாதியில் நிறுத்தி, "இந்தத் திருப்பத்தை எதற்குச் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. விரல் பழகிவிட்டது, அது பாட்டுக்குச் சுற்றுகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. போட்டிகளில் நொடிக்கணக்கில் சேர்ப்பவர்கள் பலரும் கடைசித் தளத்துக்கு மட்டும் 57, அதன் மேல் 21 என்று 78 வரிசைகளை விரலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வேகம் வேண்டுமானால் அதுதான் வழி.

ஆனால் 1974-இல் புடாபெஸ்டில் இதைச் செய்த எர்னோ ரூபிக்கிடம் எந்தச் சூத்திரமும் இல்லை. தான் செய்த பொருளைத் தானே கலைத்துவிட்டு, திரும்பச் சேர்க்க அவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. 4.3 லட்சம் கோடி கோடி நிலைகள் உள்ள ஒரு பொருளை அவர் யோசித்தே சேர்த்தார் என்றால், யோசித்துச் சேர்க்க ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு வழி. இதில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உங்களால் காரணம் சொல்ல முடியும். வழியின் முதுகெலும்பு ஒரே யோசனை: கடைசி வரை ஒரு மூலையைச் சேர்க்காமல் விட்டு வைப்பது. அந்த மூலை வழியாகத்தான் மற்ற எல்லாம் உள்ளே போகும், வெளியே வரும்.

முதலில் பொருளைப் பாருங்கள்

வெளியே தெரிவது 26 துண்டுகள். ஆறு முகங்களின் நடுத்துண்டுகள் ஒன்றையொன்று விட்டு நகர்வதே இல்லை. இருந்த இடத்திலேயே சுற்றும், அவ்வளவுதான். வெள்ளைக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. ஆகவே நடு பச்சையாக இருக்கும் முகம்தான் பச்சை முகம், மற்ற எட்டுக் கட்டங்களில் என்ன நிறம் கிடந்தாலும் சரி. மீதி 20 துண்டுகளில் இரண்டு நிறம் உள்ள விளிம்புகள் 12, மூன்று நிறம் உள்ள மூலைகள் 8. விளிம்பு எப்போதும் விளிம்பு இடத்துக்குத்தான் போகும், மூலை மூலைக்குத்தான். "ஸ்டிக்கரை நகர்த்துகிறேன்" என்று நினைப்பதை விட்டுவிட்டு "துண்டை நகர்த்துகிறேன்" என்று நினைக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கட்டுரை முழுக்க க்யூபை ஒரே மாதிரி பிடிப்போம்: மஞ்சள் மேலே, வெள்ளை கீழே, பச்சை உங்களைப் பார்த்து. அப்போது வலது கையில் ஆரஞ்சு, இடது கையில் சிவப்பு, பின்னால் நீலம். உங்கள் க்யூபில் நிற வரிசை வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

திருப்பங்களுக்கு நான்கே பெயர் போதும். எல்லாம் கால் சுற்று.

வலது: வலப்பக்க முகத்தின் முன்பகுதி மேலே ஏறும்.
மேல்: மேல்தளத்தின் முன்வரிசை இடப்பக்கம் போகும்.
முன்: முன்முகத்தின் மேல்வரிசை வலப்பக்கம் போகும்.
கீழ்: கீழ்த்தளத்தின் முன்வரிசை வலப்பக்கம் போகும்.

"வலது-எதிர்" என்றால் அதே முகத்தை மறுபக்கமாகத் திருப்புவது. மற்றவற்றுக்கும் அப்படியே. "மேல் இருமுறை" என்றால் அரைச் சுற்று.

கீழே ஒரு வெள்ளைச் சிலுவை

வெள்ளை உள்ள நான்கு விளிம்புகளையும் கீழே வெள்ளை நடுவைச் சுற்றி வைக்க வேண்டும், பக்கநிறமும் பக்க நடுவோடு பொருந்தியபடி. எப்படிக் கலைந்த க்யூபிலும் இதை எட்டுத் திருப்பங்களுக்குள் முடிக்கலாம். நீங்கள் முப்பது எடுத்துக்கொண்டாலும் கவலை இல்லை.

சுலபமானது: வெள்ளை-பச்சை விளிம்பு மேல்தளத்தில், வெள்ளை மேலே பார்த்தபடி இருக்கிறது. மேல்தளத்தைச் சுற்றி அதைப் பச்சை முகத்துக்கு மேலே கொண்டுவந்து, முன்முகத்தை அரைச் சுற்று சுற்றினால் கீழே போய்விடும்.

அதே துண்டு மேல்தளத்தில், ஆனால் பச்சை மேலே பார்க்க, வெள்ளை பக்கவாட்டில் இருந்தால்? அரைச் சுற்று சுற்றினால் தலைகீழாகத்தான் இறங்கும். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தத் துண்டை ஆரஞ்சு முகத்துக்கு மேலே கொண்டுவாருங்கள். வலது-எதிர் செய்தால் அது முன்பக்கம் இறங்கி, பச்சை உங்களைப் பார்த்தபடி நடுத்தளத்தில் நிற்கும். இப்போது "முன்" ஒன்று செய்தால் வெள்ளை கீழே பார்க்க இறங்கிவிடும். ஆனால் முதலில் செய்த வலது-எதிர், ஏற்கெனவே கீழே வைத்திருந்த வெள்ளை-ஆரஞ்சைக் கலைத்திருக்குமே? ஆமாம். அதனால் கடைசியில் "வலது" செய்து அதைத் திரும்ப வைக்கிறோம்.

வலது-எதிர், முன், வலது.

ஒன்றை நகர்த்தி வழி செய், வேலையை முடி, நகர்த்தியதைத் திரும்ப வை. இனி வரும் எல்லாமே இந்த மூன்று வரிதான், வேறு வேறு வேடத்தில். நடுத்தளத்தில் மாட்டியிருக்கும் வெள்ளை விளிம்பையும் இப்படியே மேலே எடுத்துக்கொள்ளலாம்: பக்க முகத்தைத் திருப்பி அதை மேலே ஏற்று, மேல்தளத்தைச் சுற்றி அதை ஒதுக்கு, பக்க முகத்தைத் திரும்ப வை.

மூன்று மூலைகள். நான்கல்ல, மூன்றுதான்

இப்போது வெள்ளை மூலைகளில் மூன்றை மட்டும் கீழே வைப்போம். பச்சை-ஆரஞ்சு-வெள்ளை மூலையை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஏதோ ஒரு தப்பான மூலை உட்கார்ந்திருக்கும். அதைத்தான் இனி காலி மூலை என்று சொல்வேன்.

வைக்க வேண்டிய இடம் முன்-வலப்பக்கக் கீழ்மூலையாக வரும்படி முழு க்யூபையும் திருப்பிப் பிடியுங்கள் (வெள்ளை கீழேதான்). அந்த வெள்ளை மூலையை அதற்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். வெள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறது?

வலப்பக்கம் பார்த்தால்: வலது, மேல், வலது-எதிர்.
உங்களைப் பார்த்தால்: முன்-எதிர், மேல்-எதிர், முன்.
மேலே பார்த்தால்: வலது, மேல் இருமுறை, வலது-எதிர். இப்போது அது இடப்பக்கம் ஒதுங்கி, வெள்ளை பக்கவாட்டில் வந்துவிடும். மேல்-எதிர் செய்து திரும்ப நேர் மேலே கொண்டுவந்தால் வெள்ளை வலப்பக்கம் பார்க்கும், முதல் வகைதான்.

மூலை கீழேயே தப்பாக மாட்டியிருந்தால் அதே மூன்று திருப்பத்தில் வெளியே எடுத்து, பிறகு வையுங்கள்.

இரண்டு கதவுகள்

மேலே வந்த இரண்டு மூன்று-திருப்ப வரிசைகளுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம்.

வலக்கதவு: வலது, மேல், வலது-எதிர்.
முன்கதவு: முன்-எதிர், மேல்-எதிர், முன்.

இவை விளிம்புகளுக்கு என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். சேர்ந்த க்யூப் ஒன்று இருந்தால் அதில் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் கலைந்ததிலேயே ஒரு துண்டைக் கண்ணால் தொடருங்கள். வலக்கதவு, மேல்தளத்தின் பின்பக்க விளிம்பை முன்-வலது நடு இடத்துக்குள் அனுப்புகிறது. அங்கே இருந்த விளிம்பு வெளியே வந்து மேல்தளத்தின் முன்பக்கம் நிற்கிறது. முன்கதவு, மேல்தளத்தின் இடப்பக்க விளிம்பை அதே இடத்துக்குள் அனுப்புகிறது. அங்கே இருந்தது மேல்தளத்தின் வலப்பக்கம் வந்து நிற்கிறது. இடம் ஒன்று, கதவு இரண்டு.

வித்தியாசம் துண்டு எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறது என்பதில்தான். வலக்கதவு வழியே போனால், மேலே பார்த்த நிறம் முன்முகத்துக்கு வரும். முன்கதவு வழியே போனால், மேலே பார்த்த நிறம் வலது முகத்துக்கு வரும். இந்த இரண்டு வாக்கியத்தைக் கையால் செய்து பார்த்து நம்பிக்கை வரும் வரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

நடுத்தளத்தில் மூன்று விளிம்புகள்

கதவைத் திறந்தால் அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் மூலையும் கலையும். அதற்குத்தான் காலி மூலை. எந்த நடு இடத்தை நிரப்ப வேண்டுமோ, அது முன்-வலது பக்கம் வரும்படி க்யூபைப் பிடியுங்கள். பிறகு கீழ்த்தளத்தை மட்டும் சுற்றி, காலி மூலையை அந்த இடத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். இப்போது கதவைத் திறந்தால் கெடுவதற்குக் கீழே எதுவும் இல்லை.

வைக்க வேண்டிய விளிம்பு மேல்தளத்தில் இருக்கும். அதன் மேல்நிறம் உங்களைப் பார்க்கும் நடுவின் நிறமா? பின்பக்கம் கொண்டுபோய் வலக்கதவு. வலப்பக்க நடுவின் நிறமா? இடப்பக்கம் கொண்டுபோய் முன்கதவு. உள்ளே போனதும் கீழ்த்தளத்தைத் திரும்ப அதன் இடத்துக்குச் சுற்றிவிடுங்கள்.

பச்சை-சிவப்பு, சிவப்பு-நீலம், நீலம்-ஆரஞ்சு மூன்றும் இப்படி முடியும். தேடும் விளிம்பு வேறு நடு இடத்தில் மாட்டியிருந்தால், காலி மூலையை அதற்குக் கீழே கொண்டுபோய் ஒரு கதவைத் திறந்தால் வெளியே வந்துவிடும்.

பிறகு பழைய பிடிக்கு வாருங்கள்: பச்சை முன்னால், ஆரஞ்சு வலப்பக்கம், காலி மூலை முன்-வலது கீழே. பச்சை-ஆரஞ்சு விளிம்பையும் அதே முறையில் அதன் இடத்தில் வையுங்கள். அது இடத்திலேயே தலைகீழாக இருந்தால் வலக்கதவு வழியே எடுங்கள். முன்பக்கம் வந்து நிற்கும். அதை இடப்பக்கம் கொண்டுபோய் முன்கதவு வழியே வைத்தால் சரியாகிவிடும். ஏன் என்று யோசித்தீர்களா? ஒரு கதவில் வெளியே வந்து மறு கதவில் உள்ளே போனால் துண்டு கவிழ்கிறது. அதே கதவில் வந்து அதே கதவில் போனால் கவிழ்வதில்லை. அடுத்த கட்டத்துக்கு இது ஒன்றே போதும்.

மேலே மஞ்சள் சிலுவை

மேல்தளத்தில் நான்கு விளிம்புகள். அவற்றில் மஞ்சள் மேலே பார்ப்பவை நல்லவை, மஞ்சள் பக்கவாட்டில் கிடப்பவை கவிழ்ந்தவை. கவிழ்ந்தவை ஒன்றுமில்லை, இரண்டு, அல்லது நான்கு என்றுதான் இருக்கும். ஒன்றோ மூன்றோ இருந்தால் யாரோ க்யூபைப் பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். பிரித்த க்யூபைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால், சேர்க்கக்கூடிய நிலையில் அமைய 12-க்கு ஒரு வாய்ப்புதான். பழைய க்யூபை வைத்து நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இரண்டு கவிழ்ந்த விளிம்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் துண்டைப் பின்பக்கம் கொண்டுபோய் வலக்கதவு. அது உள்ளே போகும். பச்சை-ஆரஞ்சு வெளியே வந்து முன்பக்கம் நிற்கும்.

மேல்தளத்தைச் சுற்றி இரண்டாவது துண்டை இடப்பக்கம் கொண்டுபோய் முன்கதவு. அது உள்ளே போகும். முதல் துண்டு வெளியே வரும், மஞ்சள் மேலே பார்த்தபடி. வலக்கதவில் போய் முன்கதவில் வந்ததல்லவா?

மேல்தளத்தைச் சுற்றி பச்சை-ஆரஞ்சைப் பின்பக்கம் கொண்டுபோய் வலக்கதவு. இரண்டாவது துண்டு முன்கதவில் போய் வலக்கதவில் வருவதால் அதுவும் சரியாகிறது. பச்சை-ஆரஞ்சோ வலக்கதவில் வந்து வலக்கதவிலேயே போவதால் கவிழாமல் தன் இடத்தில் உட்காருகிறது.

வலம், முன், வலம். மூன்று முறை கதவு திறந்தால் இரண்டு துண்டுகள் நிமிர்கின்றன. நான்கும் கவிழ்ந்திருந்தால் இதையே இன்னொரு தடவை. புத்தகச் சூத்திரத்தில் இதே வேலை ஆறு திருப்பத்தில் முடியும், நமக்கு ஒன்பதும் அதற்கு மேலும் ஆகும். இருக்கட்டும். இதை மறக்க முடியாது, ஏனென்றால் மனப்பாடம் செய்ய இதில் ஒன்றும் இல்லை.

சிலுவையின் வரிசை

மஞ்சள் சிலுவை வந்துவிட்டது, ஆனால் நான்கு விளிம்புகளின் பக்கநிறங்கள் பக்க நடுக்களோடு பொருந்த வேண்டும். மேல்தளத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். நான்கும் ஒரே நேரத்தில் பொருந்தினால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு நிலையில் இரண்டு பொருந்தும்: அடுத்தடுத்த இரண்டு, அல்லது எதிரெதிர் இரண்டு.

அடுத்தடுத்த இரண்டு என்றால், அந்த இரண்டும் பின்பக்கமும் வலப்பக்கமும் வரும்படி மேல்தளத்தைச் சுற்றுங்கள். நடுக்களோடு பொருத்தம் போய்விடும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது அவற்றுக்குள் உள்ள வரிசை. இப்போது:

வலது, மேல், வலது-எதிர், மேல், வலது, மேல் இருமுறை, வலது-எதிர்.

நீளமாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். முதல் மூன்றும் நம் வலக்கதவு. பின்பக்க விளிம்பு உள்ளே போய் பச்சை-ஆரஞ்சு வெளியே வருகிறது. நடுவில் ஒரு "மேல்", பச்சை-ஆரஞ்சை இடப்பக்கம் நகர்த்துகிறது. கடைசி மூன்றும் வலக்கதவேதான், உள்ளே அரைச் சுற்று மட்டும் வித்தியாசம். அது இடப்பக்க விளிம்பை உள்ளே அனுப்பி, உள்ளே இருந்ததை இடப்பக்கம் தருகிறது. ஒருவர் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, திரும்ப உள்ளே போகிறார். அதற்குள் மேலே வரிசை மாறிவிடுகிறது. இரண்டு முறையும் ஒரே கதவு என்பதால் யாரும் கவிழவில்லை. மேல்தளத்தைச் சுற்றிப் பாருங்கள், நான்கும் பொருந்தும்.

எதிரெதிர் இரண்டு பொருந்திய நிலையாக இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்தாவது இதை ஒருமுறை செய்யுங்கள். அடுத்தடுத்த நிலை வந்துவிடும், அப்புறம் மேலே சொன்னதுதான்.

இப்போது 12 விளிம்புகளும் முடிந்தன. மீதி இருப்பது ஐந்து மூலைகள்: மேலே நான்கு, கீழே நம் காலி மூலை.

மூலைகள்: இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்

இனிமேல் கதவைத் திறந்தால் விளிம்புகள் கலையும். வேறு உபாயம் வேண்டும். பொறுமையாக ஒரு பரிசோதனை செய்யுங்கள்:

வலது-எதிர், கீழ்-எதிர், வலது.

கீழ்ப்பகுதியைப் பார்க்காதீர்கள், அது அலங்கோலமாக இருக்கும். மேல்தளத்தை மட்டும் பாருங்கள். அதன் ஒன்பது துண்டுகளில் எட்டு அப்படியே இருக்கின்றன. முன்-வலது மூலை ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: முன்பு அங்கே இருந்தது கீழே போய் ஒளிந்துகொண்டது, காலி மூலையில் இருந்தது மேலே வந்திருக்கிறது. இந்த மூன்று திருப்பத்தையும் தலைகீழாகச் செய்தால் (வலது-எதிர், கீழ், வலது) எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆனால் தலைகீழாகச் செய்வதற்கு முன், மேல்தளத்தை ஒரு கால் சுற்று நகர்த்தினால்? அப்போது முன்-வலது இடத்தில் வேறொரு மூலை வந்து நிற்கும். திரும்பி வரும் வரிசைக்கு அது தெரியாது. கீழே ஒளிந்திருந்ததை அந்த இடத்தில் வைத்துவிட்டு, புதிதாக வந்ததைக் காலி மூலைக்குக் கொண்டுபோகும். கீழ்ப்பகுதி முழுக்க நேராகிவிடும். பிறகு மேல்தளத்தையும் திரும்ப நகர்த்தினால், மொத்த க்யூபில் மூன்றே மூன்று மூலைகள் இடம் மாறியிருக்கும். வேறு ஒரு துண்டு கூட அசைந்திருக்காது.

வலது-எதிர், கீழ்-எதிர், வலது, மேல், வலது-எதிர், கீழ், வலது, மேல்-எதிர்.

கணக்கில் இதற்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். ஒரு செயல், இன்னொரு செயல், முதலாவதன் எதிர், இரண்டாவதன் எதிர். இரண்டு செயல்களும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சந்தித்துக்கொண்டால், விளைவும் மூன்று துண்டுகளோடு நின்றுவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு க்யூப் சேர்ப்பவர்களில் முன்னணியில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாத் துண்டுகளையும் இந்த உத்தியால்தான் வைக்கிறார்கள்.

யார் எங்கே போனார்கள்? காலி மூலையில் இருந்தது மேல்தளத்தின் முன்-வலது மூலைக்கு. அங்கே இருந்தது, நடுவில் நகர்த்திக் கொண்டுவந்த மூலையின் இடத்துக்கு. அந்த மூலை காலி மூலைக்கு. நடுவில் "மேல்" போட்டால் வரும் மூலை பின்-வலது. "மேல்-எதிர்" போட்டால் முன்-இடது. "மேல் இருமுறை" போட்டால் எதிர்மூலை. எதைப் போட்டீர்களோ அதன் எதிரைக் கடைசியில் போட வேண்டும், மறக்காதீர்கள்.

இதைப் பயன்படுத்துவது இப்படி. காலி மூலையில் இப்போது இருக்கும் துண்டைப் பாருங்கள். உதாரணமாக அது மஞ்சள்-நீலம்-சிவப்பு என்று வைப்போம். விளிம்புகள் எல்லாம் முடிந்துவிட்டதால் அதன் வீடு எது என்று தேட வேண்டியதில்லை: மேல்தளத்தில் நீல விளிம்புக்கும் சிவப்பு விளிம்புக்கும் நடுவில் இருக்கும் மூலை. மேல்தளத்தைச் சுற்றி அந்த மூலையை முன்-வலது பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் துண்டுக்கு எது வீடு என்று பாருங்கள். அந்த வீடு நகர்ந்து வரும்படி நடுத் திருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரே வீச்சில் இரண்டு மூலைகள் வீடு சேரும். அதன் வீடு காலி மூலையே என்றால், இடம் தப்பாக உள்ள வேறொரு மேல்மூலை நகர்ந்து வரும்படி நடுத் திருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காலி மூலையில் ஏற்கெனவே பச்சை-ஆரஞ்சு-வெள்ளை வந்து உட்கார்ந்திருந்து, மேலே மட்டும் தப்பாக இருந்தால்? இடம் தப்பாக உள்ள ஒரு மேல்மூலையை முன்-வலது பக்கம் வைத்து, அது தன் வீட்டுக்குப் போகும்படி ஒருமுறை செய்யுங்கள். வெள்ளை மூலை தற்காலிகமாக மேலே போகும், பிறகு திரும்பி வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும், சரியாகத் தேர்ந்தெடுத்தால் மூன்று கம்யூட்டேட்டருக்கு மேல் தேவைப்படாது. முடிந்ததும் மேல்தளத்தைச் சுற்றி விளிம்புகளைப் பொருத்திவிடுங்கள்.

கொஞ்சம் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். காலி மூலையில் உள்ள துண்டின் மஞ்சள் வலப்பக்கம் பார்த்தால், மேலே சொன்ன வரிசை அதை மஞ்சள் மேலே பார்த்தபடி கொண்டுபோய் வைக்கும். மஞ்சள் உங்களைப் பார்த்தால், கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றிச் செய்யுங்கள்: முன், கீழ், முன்-எதிர், நடுத் திருப்பம், முன், கீழ்-எதிர், முன்-எதிர், நடுத் திருப்பத்தின் எதிர். மஞ்சள் கீழே பார்த்தால் எது வேண்டுமானாலும் செய்யுங்கள், திசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடம் சரி, திசை தப்பு

எல்லா மூலையும் வீட்டில் இருக்கிறது, சில மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இதற்கும் அதே தத்துவம்தான். மேல்தளத்தில் ஒரே ஒரு மூலையை மட்டும், அதுவும் இடம் மாற்றாமல் முறுக்கும் செயல் வேண்டும். முறுக்கியுள்ள மூலையை முன்-வலது மேலே வைத்து:

வலது-எதிர், கீழ்-எதிர், வலது, கீழ்.

இதை இரண்டு தடவை செய்தால் மூலை ஒரு முறுக்கு முறுக்கும். நான்கு தடவை செய்தால் மறுபக்க முறுக்கு. ஆறு தடவை செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி எல்லாம் பழையபடி. மஞ்சள் மேலே வந்ததும் நிறுத்துங்கள். கீழே அலங்கோலமாக இருக்கும், தொடாதீர்கள், க்யூபைத் திருப்பியும் பிடிக்காதீர்கள். மேல்தளத்தை மட்டும் சுற்றி அடுத்த முறுக்கிய மூலையை அதே முன்-வலது இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி இரண்டோ நான்கோ. கடைசி மூலை சரியாகும்போது மொத்த எண்ணிக்கை ஆறின் மடங்காகியிருக்கும், அதனால் கீழ்ப்பகுதி தானே கூடிவிடும். பலர் இங்கேதான் பதறிக் கெடுத்துக்கொள்கிறார்கள்: மூலை சரியானவுடன் நான்காவது திருப்பமான "கீழ்" என்பதை விட்டுவிடுவார்கள். மஞ்சள் மேலே வந்துவிட்டாலும் அந்தக் கடைசித் திருப்பத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

காலி மூலையாக இருந்த வெள்ளை மூலையும் முறுக்கியிருந்தால், அதை முதலில் கவனியுங்கள். க்யூபை இடப்பக்கம் சாய்த்து ஆரஞ்சு முகத்தை மேலே கொண்டுவந்தால் (பச்சை இன்னும் உங்களைப் பார்த்து) அந்த மூலை முன்-வலது மேலே வந்து நிற்கும். அதன் ஆரஞ்சு மேலே வரும் வரை இரண்டோ நான்கோ தடவை. பிறகு மேல்-எதிர் செய்து பக்கத்து மூலையைக் கொண்டுவந்து, மொத்தம் ஆறு ஆகும்படி மீதித் தடவைகள். கடைசியில் "மேல்". பக்கத்து மூலை சரியாகவும் இருக்கலாம், முறுக்கிக்கொண்டும் இருக்கலாம். அது மேல்தள மூலைதானே, க்யூபை நிமிர்த்திப் பிடித்து மற்ற மேல்மூலைகளோடு சேர்த்து முடித்துவிடலாம்.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு மூலை மட்டும் முறுக்கி நின்றால் உங்கள் மேல் தப்பு இல்லை. இப்போது வரும் இலகுவான க்யூப்களில் கீழே விழுந்தாலோ அழுத்திச் சுற்றினாலோ மூலை தானாகவே முறுக்கிக்கொள்ளும். விரலால் பிடித்து அதை நேராக முறுக்கிவிடுங்கள். அது ஏமாற்றுவது ஆகாது. அந்த நிலையை எந்தத் திருப்பத்தாலும் சரிசெய்ய முடியாது.

பழகும்போது

முதல் சில நாட்கள் முழுதாகச் சேர்க்கப் பார்க்காமல், கதவு இரண்டையும் கம்யூட்டேட்டரையும் தனித்தனியே விளையாடிப் பாருங்கள். சேர்ந்த க்யூபை எடுத்து, ஒரு கம்யூட்டேட்டர் செய்து, எந்த மூன்று மூலைகள் மாறின என்று சொல்லி, அதையே இன்னும் இரண்டு தடவை செய்தால் க்யூப் திரும்பச் சேர்ந்துவிடும். மூன்று துண்டுகள் வட்டமாக நகர்ந்தால் மூன்றாவது முறை வீடு திரும்பத்தானே வேண்டும்.

எப்படிக் கலைத்த க்யூபையும் 20 திருப்பங்களுக்குள் சேர்க்க முடியும் என்று 2010-இல் கணினி வைத்து நிரூபித்துவிட்டார்கள். இந்த வழியில் உங்களுக்கு நூறுக்கு மேல் ஆகும். குறைக்க வேண்டும் என்று ஆசை வந்தால், மூலையையும் அதன் விளிம்பையும் மேல்தளத்திலேயே ஜோடி சேர்த்து ஒன்றாக உள்ளே அனுப்பப் பழகுங்கள். கதவு அதேதான், ஒரே தடவையில் இருவர் போகிறார்கள். கீழ்ப்பகுதியில் செலவாகும் திருப்பங்கள் அதிலேயே நன்றாகக் குறையும். கடைசிக் கம்யூட்டேட்டர்களை மட்டும் அவசரப்படாமல், முதல் திருப்பத்துக்கு முன்பே மூன்று மூலைகளையும் வாயால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.